எண்ணித் துணிந்தவர்

நுழையும்முன்

ஒரு நாடு தன் வளர்ச்சியை ஐந்தாண்டுகளுக்கு முன்னரே வரைந்துகொள்ள இயலுமா? வரைந்தவற்றுள் எவ்வளவு நிறைவேறியது என்பதை எவ்வாறு அறிவது? விடுதலை பெற்ற இந்தியாவின் முன் நின்ற இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். திட்டம் தீட்டியவரே அத்திட்டத்தை அளக்கும் கோலையும் ஆக்கித் தந்த வரலாறு இது.

கனவும் கணக்கும்

விடுதலை பெற்றபொழுது இந்தியாவிடம் கனவுகள் நிறைந்திருந்தன; கணக்குகள் குறைவாகவே இருந்தன. நாட்டு மக்கள் ஓராண்டில் ஈட்டும் வருமானம் எவ்வளவு, ஓர் உழவர் குடும்பம் உணவுக்கும் உடைக்கும் எவ்வளவு செலவிடுகிறது, எத்தனை பேர் வேலையின்றி இருக்கின்றனர் என்னும் எளிய வினாக்களுக்குக்கூட உறுதியான விடை இல்லை. வரும் ஐந்தாண்டுகளில் எதனை, எங்கே, எவ்வளவு செய்வது என்று அந்நிலையில் வகுப்பது, ஆழம் அறியாத ஆற்றில் இறங்குவதைப் போன்றதாகும். ஆழம் பார்க்கும் கோலை நாட்டின் கையில் கொடுத்தவர் மகலனோபிஸ். அவர் பொருளியல் பயின்றவர் அல்லர். அரசு அலுவலராகத் தம் வாழ்வைத் தொடங்கியவரும் அல்லர். கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்த ஆசிரியர் அவர்.

இளமையும் கல்வியும்

மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். தந்தை பிரபோத சந்திரர், தாய் நீரோதவாசினி. பாட்டனார் குருசரணர் பிரம்ம சமாசத்தில் ஈடுபாடு கொண்டவர். கைம்பெண் மறுமணத்தைச் சமூகம் வெறுத்த காலத்தில் கைம்பெண் ஒருவரை மணந்து, சொல்லும் செயலும் ஒன்றாக வாழ்ந்தவர். வழக்கத்தில் உள்ளது என்பதனாலேயே ஒன்றை ஏற்றுக்கொள்ளாத இயல்பு பெயரனிடமும் தொடர்ந்தது.

கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்ற மகலனோபிஸ், 1912இல் இயற்பியலில் பட்டம் பெற்றார். சகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கு அவருடைய ஆசிரியர்களாக இருந்தனர். மேற்படிப்புக்காக 1913இல் இங்கிலாந்து சென்றார். இலண்டனில் பயில்வதே அவரது எண்ணமாக இருந்தது. கேம்பிரிட்சைப் பார்த்து வரச் சென்றவர், இலண்டனுக்குத் திரும்பும் கடைசித் தொடர்வண்டியைத் தவறவிட்டார். அன்றிரவு நண்பர் ஒருவரது இடத்தில் தங்கினார். அவ்வூரின் அழகும் கல்விச் சூழலும் அவரைக் கவர்ந்தன. மறுநாளே அங்குள்ள கிங்சு கல்லூரியில் சேர்ந்தார்.

கேம்பிரிட்சில் அவருக்குக் கிடைத்த நண்பர்களுள் ஒருவர் கணிதமேதை இராமானுசன். 1914இல் அங்கு வந்து சேர்ந்த இராமானுசன், குளிர் தாங்காமல் மேலங்கியும் போர்வையும் அணிந்தே உறங்கி வந்தார். படுக்கையில் விரிக்கப்பட்டிருந்த கம்பளிகளின் மேல் படுப்பதா, அவற்றினுள் நுழைந்து படுப்பதா என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அதனைக் கண்டறிந்து, கம்பளிகளுக்குள் உறங்கும் முறையைக் காட்டிக்கொடுத்தவர் மகலனோபிஸ். குறை எங்குள்ளது என்பதை நேரில் பார்த்துத் தெளிந்தபின் தீர்வு சொல்லும் அவரது இயல்பு இச்சிறு நிகழ்ச்சியிலும் புலப்படுகிறது.

கப்பலில் கற்ற பாடம்

1915இல் இயற்பியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறிய மகலனோபிஸ், சிறு விடுமுறையில் தாயகம் சென்றுவர எண்ணினார். முதல் உலகப் போரினால் கப்பல் புறப்படுவது தாமதமாயிற்று. காத்திருந்த நாள்களில் கல்லூரி நூலகத்தில் அவருடைய ஆசிரியர் மெக்காலே, உயிரியல் அளவீடுகள் குறித்த பயோமெட்ரிகா என்னும் இதழின் தொகுதிகளைக் காட்டினார். எண்களைத் தொகுப்பது மட்டுமன்றி, அவற்றிலிருந்து உறுதியான முடிவுகளைப் பெறவும் ஓர் அறிவியல் உண்டு என்பதை அவ்விதழ் அவருக்கு உணர்த்தியது. தொகுதிகள் அனைத்தையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார்.

தாயகம் வந்தவர் மீண்டும் கேம்பிரிட்சுக்குத் திரும்பவில்லை. தாம் பயின்ற மாநிலக் கல்லூரியிலேயே இயற்பியல் ஆசிரியரானார். இந்தியக் கல்லூரிகளில் புள்ளியியல் தனிப் பாடமாக இடம்பெறாத காலம் அது. தேர்வு மதிப்பெண்கள், மழையளவு, மனித உடலளவுகள் எனக் கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் அவர் ஆராய்ந்தார். மக்கள் குழுக்களின் உடலளவுகளை ஒப்பிடும் ஆய்விலிருந்து பிறந்ததே மகலனோபிஸ் தொலைவு என்னும் கோட்பாடு. பல பண்புகளை ஒருங்கே கொண்டு இரு குழுக்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை அளக்க உதவும் இக்கோட்பாடு 1936இல் முழுவடிவம் பெற்றது. இன்றைய கணினி அறிவியலிலும் அது பயன்பட்டு வருகிறது.

வெள்ளம் உணர்த்திய உண்மை

1922இல் வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ளநீரைத் தேக்கிவைக்கும் நீர்நிலைகளைப் பெரும் செலவில் அமைக்கலாம் என்னும் கருத்து முன்வைக்கப்பட்டிருந்தது. அரசு மகலனோபிசிடம் ஆய்வை ஒப்படைத்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் மழையளவையும் வெள்ள நிலைகளையும் அவர் ஒப்பிட்டார். நீர் தேங்குவதே இடர். விரைவாக வடிவதற்கு வழி செய்வதே தேவை என்பது அவர் கண்ட முடிவு. தேக்கங்கள் அமைத்திருந்தால் செலவும் வீணாகியிருக்கும், துன்பமும் நீங்கியிராது.

1926இல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம் வந்தபோது, ஆற்றுப்படுகை மேடாகிவிட்டதாகவும் கரைகளை உயர்த்த வேண்டும் எனவும் பொறியாளர்கள் கருதினர். அறுபது ஆண்டுக்காலப் பதிவுகளை ஆராய்ந்த மகலனோபிஸ், படுகை உயரவில்லை என்பதை நிறுவினார். கரையை உயர்த்துவதைவிட, ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டி நீரை முறைப்படுத்துவதே ஏற்றது என்றார். பின்னாளில் மகாநதியின் குறுக்கே எழுந்த ஹிராகுட் அணைக்கான சிந்தனைக்கு அவரது ஆய்வும் துணைநின்றது.

நல்லெண்ணம் மட்டும் நல்ல திட்டத்தைத் தந்துவிடாது என்பதை இவ்விரு ஆய்வுகளும் காட்டின. நோய் இன்னது என்று அறியாமல் மருந்தைக் கூட்டுவதால் பயனில்லை. இவ்வுண்மையே அவருடைய பிற்காலப் பணிகள் அனைத்திற்கும் அடிப்படையாயிற்று.

இரு குழுக்கள், ஒரே வயல்

மாநிலக் கல்லூரியின் இயற்பியல் துறையில் ஒரு சிறு பகுதியே மகலனோபிசின் புள்ளியியல் ஆய்வுக்கூடமாக இருந்தது. அங்கிருந்து 1931ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோன்றியது. முதலாண்டில் அதன் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. 1933இல் சாங்கியா என்னும் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. எண்ணையும் தெளிந்த அறிவையும் ஒருங்கே குறிக்கும் சொல்லாதலின் அப்பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அந்நாளில் வங்காளத்தின் முதன்மையான பணப்பயிர் சணல். ஆண்டுதோறும் எவ்வளவு நிலத்தில் சணல் பயிரிடப்படுகிறது என்பதை அறிய அரசு விரும்பியது. ஊர்க்காவலர்களும் கீழ்நிலை அலுவலர்களும் கண்மதிப்பாகத் தரும் கணக்கில் நம்பகம் இல்லை. ஒவ்வொரு வயலையும் அளப்பதென்றால் பேரளவில் ஆளும் பொருளும் காலமும் வேண்டும். மகலனோபிஸ் கூறெடுப்பு முறையைக் கையாண்டார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது வீட்டு வழக்கம். ஆனால், எந்தச் சோற்றை எடுப்பது, எத்தனை எடுப்பது, அதனால் நேரக்கூடிய பிழை எவ்வளவு என்பதையெல்லாம் கணித அடிப்படையில் வரையறுப்பதே கூறெடுப்பு அறிவியல்.

1937இல் சிறு பகுதியில் முன்னோட்டமாகத் தொடங்கிய ஆய்வு, ஆண்டுதோறும் விரிந்து வங்காளம் முழுவதையும் தழுவியது. பெரிய ஆய்வுக்குமுன் சிறிய அளவில் செய்து பார்த்து, குறைகளைக் களைந்தபின் விரிவாக்கும் முன்னோட்ட ஆய்வு முறையை நிலைபெறச் செய்தவர் அவரே.

அவர் வகுத்த மற்றொரு முறை மேலும் நுட்பமானது. ஒரே பகுதியை ஆராய ஒன்றையொன்று சாராத இரு குழுக்களை அனுப்பினார். ஒவ்வொரு குழுவும் தனக்கென எழுமானமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வயல்களை ஆராயும். ஒரு குழு கண்டதை மற்றது அறியாது. இறுதியில் இரு குழுக்களின் முடிவுகளும் ஒப்பிடப்படும். இரண்டும் நெருங்கி அமைந்தால் நம்பலாம். விலகி நின்றால் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்று உணரலாம். களத்திற்குச் செல்லாமலே கணக்கெழுதுவோரையும், கவனக்குறைவாக அளப்போரையும் இம்முறை காட்டிக்கொடுத்தது. அளக்கும் பணியையும் அளந்து பார்க்க வேண்டும் என்பதே அவர் கொள்கை.

விளைச்சலை மதிப்பிடுவதற்காக வயலில் சிறு வட்டங்கள் குறித்துக் கதிரறுத்து நிறுத்துப் பார்த்தனர். வட்டம் மிகச் சிறிதாக இருந்தால், விளிம்பில் நிற்கும் செடிகளை அளப்பவர் தம்மை அறியாமலே உள்ளே சேர்த்துக்கொள்கிறார். அதனால் விளைச்சல் உண்மையில் இருப்பதைவிட மிகுதியாகத் தோன்றுகிறது. இப்பிழை எந்த அளவு வட்டத்தில் எவ்வளவு நேர்கிறது என்பதையும் ஆய்வு செய்தனர். சுகாத்மே, பான்சே ஆகிய வேளாண் புள்ளியியலாளர்கள் இன்னும் பெரிய பரப்புகளே வேண்டும் என்று வாதிட்டனர். அவ்விவாதம் நெடுநாள் நடந்தது. இந்தியப் புள்ளியியலும் அதனால் கூர்மை பெற்றது.

பஞ்சத்தின் கணக்கு

1943இல் வங்காளம் கொடிய பஞ்சத்தில் சிக்கியது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். பஞ்சம் தணிந்தபின், 1944–45இல் மகலனோபிசின் நிறுவனம் வங்காளச் சிற்றூர்களில் கூறெடுப்பு ஆய்வொன்றை நடத்தியது. எந்தக் குடும்பம் நிலத்தை விற்றது, எது உழவு மாட்டை இழந்தது, எத்தனை பேர் தொழிலிழந்து ஆதரவற்றோராயினர் என்பன வீடுவீடாகக் கேட்டறியப்பட்டன. பஞ்சம் எல்லாரையும் ஒன்றுபோல் தாக்கவில்லை. கூலிக்கு உழைத்த வேளாண் தொழிலாளரும் மீனவரும் பெரிதும் நலிந்தனர். நிலம் உடையோர் ஓரளவு தப்பினர். பிற்காலத்தில் பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் பஞ்சங்களின் காரணத்தை ஆராய்ந்தபோது இவ்வாய்வு அவருக்குச் சான்றாக உதவியது.

ஒரு மாநிலத்தின் மொத்த விளைச்சலை மட்டும் அறிவது போதாது. அது யாருக்குக் கிட்டுகிறது, யாருக்குக் கிட்டவில்லை என்பதையும் அறிந்தாக வேண்டும். பஞ்சத்தின் கணக்கு உணர்த்திய இப்பாடம் பின்னாளில் அவரது திட்டத்திற்கே உரைகல்லாகத் திரும்பி வந்தது.

நாட்டுக்கு ஓர் அளவுகோல்

1949இல் மகலனோபிஸ் நடுவண் அமைச்சரவையின் மதிப்புறு புள்ளியியல் அறிவுரைஞராக அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில் அமைக்கப்பட்ட நாட்டு வருமானக் குழுவுக்குத் தலைவரானார், காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். நாட்டு வருமானத்தைக் கணக்கிடத் தேவையான தரவுகள் பல துறைகளில் இல்லை என்பதை அக்குழு கண்டது. அக்குறையைப் போக்க 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பட்டது. 1951இல் மையப் புள்ளியியல் அமைப்பு உருவாயிற்று.

அறிவியல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிற்றூர்களுக்கும் வீடுகளுக்கும் களப்பணியாளர்கள் சென்றனர். மொழி ஊருக்கு ஊர் வேறுபட்டது. முகத்தல், நிறுத்தல் அளவைகளும் வேறுபட்டன. ஓரிடத்துப் படி மற்றோரிடத்துப் படியன்று. தாம் உண்டதையும் உடுத்ததையும் மக்கள் எழுதி வைப்பதில்லை. நினைவிலிருந்தே சொல்ல வேண்டும். கடந்த ஒரு வாரச் செலவைக் கேட்பதா, ஒரு மாதச் செலவைக் கேட்பதா? இரண்டும் ஒரே விடையைத் தருவதில்லை. எவ்வாறு கேட்டால் விடை மெய்ம்மைக்கு நெருக்கமாக அமையும் என்பதையே மகலனோபிசும் உடன் பணியாற்றியோரும் தனி ஆய்வாக மேற்கொண்டனர்.

இவ்வாறு திரண்ட தரவுகளைக் கணக்கிட வலிமையான கருவிகள் வேண்டியிருந்தன. இந்தியாவுக்கு வந்த முதல் எண்முறைக் கணினி, 1956இல் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிறுவப்பட்டது. அறிஞர் சி.ஆர். ராவ் அந்நிறுவனத்தில் வளர்ந்தவர். நூலகவியல் தந்தை எனப் போற்றப்படும் தமிழகத்தைச் சேர்ந்த சீர்காழி இரா. அரங்கநாதன், அதன் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தை 1962இல் பெங்களூருவில் தொடங்கினார்.

விதைநெல்லும் உணவு நெல்லும்

1950ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரதமர் நேருவின் தலைமையில் திட்டக்குழு அமைந்தது. 1951இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டம் வேளாண்மைக்கும் பாசனத்துக்கும் முதன்மை அளித்தது. பருவமழையும் துணைநிற்க, அது இலக்கைக் கடந்து வெற்றி பெற்றது. அடுத்த திட்டம் நாட்டின் பொருளியல் அமைப்பையே மாற்ற வேண்டும் என்பது நேருவின் விருப்பம். 1954ஆம் ஆண்டு நவம்பரில், திட்டமிடலுக்கான ஆய்வுகளை அவர் புள்ளியியல் நிறுவனத்தில் தொடங்கிவைத்தார். 1955ஆம் ஆண்டு மார்ச்சில் இரண்டாம் திட்டத்துக்கான வரைவுச் சட்டகத்தை மகலனோபிஸ் அளித்தார். அவ்வாண்டிலேயே திட்டக்குழுவிலும் இடம்பெற்றார்.

அவரது கருத்தை ஓர் உழவரின் வாழ்வைக்கொண்டு விளக்கலாம். அறுவடை நெல் முழுவதையும் உண்டுவிட்டால் இவ்வாண்டு வயிறு நிறையும். அடுத்த ஆண்டு விதைக்க ஒன்றும் இராது. விதைநெல்லைக் கூடுதலாக ஒதுக்கினால் இவ்வாண்டு சற்றே பசி பொறுக்க வேண்டும். ஆனால் வரும் ஆண்டுகளில் விளைச்சல் பெருகும். துணி, உணவு போன்ற நுகர்பொருள்கள் உண்ணும் நெல்லைப் போன்றவை. எஃகு, பொறிகளை ஆக்கும் பொறிகள் ஆகியவை விதைநெல்லைப் போன்றவை. நெசவுப் பொறியை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு என்றும் வாங்கிக்கொண்டே இருக்கும். அப்பொறியை ஆக்கும் பொறியைத் தானே செய்யும் நாடு தன் காலில் நிற்கும்.

ஆகவே, முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு அடிப்படைத் தொழில்களுக்குச் செல்ல வேண்டும் என்று அவர் வகுத்தார். 5,600 கோடி ரூபாய் முதலீட்டில் நாட்டு வருமானம் ஆண்டுக்கு 5 விழுக்காடு வளரவும், 110 இலட்சம் பேருக்கு வேலை கிடைக்கவும் அவருடைய கணித மாதிரி வழிகாட்டியது. பெருந்தொழில்களில் முதலீடு மிகுதி, வேலைவாய்ப்பு குறைவு. எனவே, மக்களுக்கு வேண்டிய நுகர்பொருள்களைக் கைத்தொழில்களும் குடிசைத் தொழில்களும் ஆக்கித் தரும். வேலையும் அளிக்கும் என அவர் எதிர்பார்த்தார்.

மாற்றுக் குரல்கள்

இச்சட்டகத்தை அனைவரும் ஏற்கவில்லை. அரசு அமைத்த பொருளியலாளர் குழுவில் பி.ஆர். செனாய் ஒருவர் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதினார். நாட்டின் சேமிப்புக்கு மீறிய திட்டம், பற்றாக்குறை நிதியால் விலைவாசியை உயர்த்தும் என்பது அவரது எச்சரிக்கை. மும்பையைச் சேர்ந்த வக்கீல், பிரம்மானந்தா ஆகிய அறிஞர்கள் உணவும் உடையுமாகிய அன்றாடப் பொருள்களுக்கே முதலிடம் வேண்டும் என்றனர். உழைப்பவருக்கு உணவில்லையெனில் பொறிகள் மட்டும் என்ன செய்யும் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

1956ஆம் ஆண்டு ஏப்ரலில் 4,800 கோடி ரூபாய் பொதுத்துறை ஒதுக்கீட்டுடன் இரண்டாம் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் ஆகிய இடங்களில் எஃகு ஆலைகள் எழுந்தன. ஆனால், இரண்டாண்டுகள் நிறையும் முன்னரே அந்நியச் செலாவணி இருப்பு வேகமாகக் கரைந்தது. பொறிகளையும் உணவுத் தானியத்தையும் ஒருங்கே இறக்குமதி செய்ய வேண்டிய நிலை ஏற்பட்டது. 1958இல் திட்ட ஒதுக்கீடு 4,500 கோடி ரூபாயாகக் குறைக்கப்பட்டது. மாற்றுக் குரல்கள் உரைத்த எச்சரிக்கையில் உண்மை இருந்தது.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவின் முதல் மூன்று ஐந்தாண்டுத் திட்டங்களின் ஆண்டுச் சராசரி வளர்ச்சி (விழுக்காட்டில், ஏறத்தாழ):
முதல் திட்டம் (1951–56): இலக்கு 2.1, எட்டியது 3.6
இரண்டாம் திட்டம் (1956–61): இலக்கு 4.5, எட்டியது 4.3
மூன்றாம் திட்டம் (1961–66): இலக்கு 5.6, எட்டியது 2.8

விளைவுகளின் தீர்ப்பு

வளர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்தால் இரண்டாம் திட்டம் தன் இலக்கை நெருங்கியது எனலாம். எஃகு, மின்னாற்றல், பொறியியல் ஆகிய துறைகளில் பிற்கால இந்தியா பெற்ற வலிமைக்கு அடித்தளம் அப்போது இடப்பட்டது. ஆயினும், வேலைவாய்ப்பில் எதிர்பார்த்தது நிகழவில்லை. திட்டம் முடிந்தபோது வேலையின்றி இருந்தோர் ஏறத்தாழ 90 இலட்சம் பேர் என மூன்றாம் திட்ட ஆவணமே மதிப்பிட்டது. திட்டத் தொடக்கத்தில் இருந்ததைவிட இது மிகுதி. குடிசைத் தொழில்கள் அவர் நம்பிய அளவுக்குப் பளுவைத் தாங்கவில்லை.

வளர்ந்த வருமானம் யாரிடம் சென்றது என்னும் வினா நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்தது. அதனை ஆராய 1960இல் அரசு அமைத்த குழுவுக்கு மகலனோபிசே தலைவர். திட்டத்தை வரைந்தவர் தம் திட்டத்தின் விளைவைத் தாமே ஆராய வேண்டியவரானார். 1964இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, திட்டமிட்ட வளர்ச்சியின் நடுவே பெருநிறுவனங்கள் மேலும் பெருத்தன என்பதை மறைக்கவில்லை. அதே ஆண்டில் முற்றுரிமை குறித்து விசாரிக்க அரசு ஆணையம் ஒன்றை அமைத்தது. ஏழையர், செல்வர் ஆகியோரின் நுகர்வைப் பல படிநிலைகளாகப் பிரித்துக் காலந்தோறும் ஒப்பிடும் வரைபட முறையொன்றையும் மகலனோபிஸ் இக்காலத்தில் உருவாக்கினார்.

மூன்றாம் திட்டக் காலத்தில் 1962, 1965ஆம் ஆண்டுகளின் போர்களும் கடும் வறட்சியும் நாட்டை வருத்தின. வளர்ச்சி இலக்கில் பாதியளவே எட்டப்பட்டது. வேளாண்மைக்கு உரிய கவனம் வேண்டும் என்பதைக் காலம் உணர்த்தியது. 1964இல் உணவு, வேளாண் அமைச்சராகப் பொறுப்பேற்ற தமிழகத்தின் சி. சுப்பிரமணியம், உயர் விளைச்சல் விதைகளையும் உழவர்க்கு உறுதியான விலையையும் முன்னிறுத்திப் பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்தார். 1966 முதல் மூன்றாண்டுகள் ஐந்தாண்டுத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 1967இல் மகலனோபிஸ் திட்டக்குழுவிலிருந்து விலகினார்.

1971இல் தண்டேகர், ரத் ஆகிய பொருளியலாளர்கள் இந்திய வறுமையைக் குறித்து விரிவான ஆய்வை வெளியிட்டனர். இருபதாண்டுத் திட்டமிடலுக்குப் பின்னரும் போதிய உணவு பெறாத மக்கள் கோடிக்கணக்கில் உள்ளனர் என்பதை அது எடுத்துக்காட்டியது. அவர்கள் சான்றாகக் கொண்டவை தேசிய மாதிரி ஆய்வின் தரவுகள். மகலனோபிஸ் செய்தளித்த அளவுகோலே அவர் வகுத்த திட்டத்தின் குறையை வெளிப்படுத்தியது. தன் குறையைத் தானே காணும் ஆற்றலை நாடு பெற்றிருந்தது. அவ்வாற்றலைப் பெறச் செய்தவர் அவர்.

நிலைத்த பெருமை

மகலனோபிஸ் எண்களோடு மட்டும் வாழ்ந்தவர் அல்லர். இரவீந்திரநாத் தாகூரின் நெருங்கிய அன்பர். 1921 முதல் பத்தாண்டுகள் விசுவபாரதியின் செயலாளர்களுள் ஒருவராகப் பணியாற்றினார். 1923இல் நிர்மலகுமாரியை மணந்தார். 1945இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். ஐக்கிய நாடுகள் அவையின் கூறெடுப்பு முறைக்கான துணை ஆணையத்திற்குத் தலைமை தாங்கினார். இந்தியாவில் செம்மைபெற்ற கூறெடுப்பு முறைகள் உலக நாடுகளுக்கு வழிகாட்டின. இந்திய அரசு 1968இல் பத்ம விபூசண் விருதளித்துச் சிறப்பித்தது. 1972ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னதாக, அவர் மறைந்தார்.

அவர் பிறந்த சூன் 29ஆம் நாள் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. திட்டக்குழு இன்று இல்லை. 2015இல் அதனிடத்தில் நிதி ஆயோக் அமைந்தது. பன்னிரண்டாம் திட்டத்துடன் ஐந்தாண்டுத் திட்டங்களும் முடிவுற்றன. ஆனால், வீட்டுக் கதவைத் தட்டி என்ன உண்டீர்கள், என்ன செலவு செய்தீர்கள், வேலை கிடைத்ததா என்று கேட்டுச் செல்லும் களப்பணியாளர் இன்றும் ஊர்தோறும் செல்கின்றனர். அரசின் திட்டம் எதுவாயினும், அதன் பயன் மக்களைச் சென்றடைந்ததா என்பதற்கான விடை அவ்வீடுகளிலிருந்தே வருகிறது.

திட்டங்கள் தவறக்கூடும். தவறியதை மறைக்கும் நாடு அதே குழியில் மீண்டும் விழும். அளந்து அறியும் நாடு வழியை மாற்றிக்கொள்ளும். எண்ணிப் பார்த்தபின் துணிய வேண்டும்; துணிந்தபின்னும் எண்ணிப் பார்க்க வேண்டும். மகலனோபிசின் வாழ்க்கை நாட்டுக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.